காயலான் கடையில் இரண்டு பையன்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'தி செல்ஃபிஷ் ஜயன்ட்' படத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நண்பர்களுடன் சேர்ந்து பார்த்தேன். முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பதினைந்து வயதில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன். வசதியான வீட்டுப் பையன்களின் நட்பைப் படமெடுத்தால் ஊர் சுற்றுகிறார்கள், காதலிக்கிறார்கள். எங்களைப் படமெடுத்தால் மட்டும் கடைசியில் ஒரு பிணம் விழுகிறது. இது இரக்கத்தை விற்கும் வியாபாரம் இல்லையா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பிணம் விழுவது உண்மைதான். 1969இல் பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் எடுத்த 'கெஸ்' படத்தில் பையன் தப்பிவிடுகிறான். அவன் வளர்த்த வல்லூறு சாகிறது. அதற்கும் காரணம் காசு. பந்தயத்தில் கட்டச் சொல்லி அண்ணன் கொடுத்த பணத்தைத் தம்பி செலவழித்துவிடுகிறான். அந்தக் குதிரைகளோ ஜெயித்துத் தொலைக்கின்றன. ஆத்திரத்தில் அண்ணன் பறவையைக் கொன்றுவிடுகிறான்.

ஆனால் கிளியோ பர்னார்ட் இயக்கிய 'தி செல்ஃபிஷ் ஜயன்ட்' படத்தில் (2013) நீங்கள் சாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு வெகு முன்பே அந்த நட்பில் விரிசல் விழுந்துவிட்டது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட இரண்டு பையன்கள். நடித்த இருவரும் அதுவரை கேமராவைப் பார்க்காத உள்ளூர்ப் பையன்கள். ஆர்பர் பொடியன், வாய்த்துடுக்கு, பேரத்தில் புலி. ஸ்விஃப்டி பருமன், சாது, குதிரை என்றால் உயிர். காயலான் கடைக்காரர் கிட்டனிடம் குதிரை வண்டியை வாடகைக்கு எடுத்துப் பழைய இரும்பு பொறுக்குகிறார்கள். கேபிளின் மேல்தோலை எரித்துச் செம்பை எடுத்து எடைக்குப் போடுகிறார்கள். அதுவரை பங்கில் தகராறு இல்லை.

பிறகு குதிரையிடம் ஸ்விஃப்டிக்கு இருக்கும் பக்குவம் கிட்டனின் கண்ணில் படுகிறது. சாலைப் பந்தயத்துக்கு அவன் வேண்டும். அலைந்து திரிந்து சரக்குக் கொண்டுவந்த ஆர்பர் வேண்டாம். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவனை மட்டும் கட்டிங் மாஸ்டர் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவன் என்ன ஆவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்பர் முதலாளியிடமே திருடுகிறான், பிடிபடுகிறான். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் மின்சாரம் ஓடும் கேபிளைத் தேடிப் போகிறார்கள். கோபித்துக்கொண்டிருந்த ஸ்விஃப்டி கூடவே போனதால் சாகிறான்.

லோச்சின் 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' (2002) படத்திலும் இதேதான். போதை மருந்துக் கும்பலின் தலைவனுக்கு, பதினாறு வயதை எட்டப்போகும் லியாமைப் பிடிக்கிறது, அவனுடைய கூட்டாளி பின்பாலைப் பிடிக்கவில்லை. பின்பாலைத் தீர்த்துக்கட்டும் வேலை லியாமிடமே வருகிறது. (வசனத்தில் கெட்ட வார்த்தை அதிகம் என்று பிரிட்டனில் அந்தப் படத்துக்குப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் சான்றிதழ் கொடுத்தார்கள். பதினாறு வயதைப் பற்றிய படத்தைப் பதினாறு வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாது!)

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நட்பு வேறு, பிழைப்பு வேறு. இந்தப் பையன்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது. அதனால் நட்புக்கு நடுவில் முதலாளி நுழைந்துவிட முடிகிறது. இரக்கத்தை விற்கிறவன் இவ்வளவு தூரம் கணக்குப் பார்க்க மாட்டான். அழுக்குச் சட்டையையும் பசித்த முகத்தையும் காட்டிவிட்டு வயலினை வாசிக்க விட்டுவிடுவான்.

நம் 'கோலி சோடா' (2014) உங்களுக்குப் பிடித்திருக்கும். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நான்கு பையன்களும், அவர்களுக்கென்று கிடைக்கும் மெஸ்ஸும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் எதிரி எப்போதும் வெளியில்தான் இருக்கிறான். நால்வரையும் ஆளுக்கொரு ஊரில் கொண்டுபோய் விட்டாலும் தேடிப்பிடித்துச் சேர்ந்துவிடுகிறார்கள். விசிலடித்துப் பார்த்தேன், மறுக்கவில்லை. அந்த மார்க்கெட்டின் பெரிய கையான நாயுடு நால்வரில் ஒருவனை மட்டும் கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரவைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் நான் பார்க்க விரும்பும் படம்.