கண்புரை ஆபரேஷனுக்குப் பின் இமை இறங்கினால்

மூன்று வாரமாகியும் அம்மாவின் வலது இமை பாதி மூடியே இருக்கிறது, வைத்த லென்ஸில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸுக்கும் இமைக்கும் சம்பந்தமில்லை சார். ஆபரேஷனில் கண்ணைத் திறந்து வைக்க ஒரு கம்பிக் கிளிப் மாட்டுவார்கள், அந்த இழுப்பில் இமையைத் தூக்கும் தசைநார் தளர்ந்துவிடலாம், மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் வீக்கமும் சேரும். வயதானவர்களுக்கு அந்த நார் ஏற்கெனவே நைந்த எலாஸ்டிக்தான். பலருக்குச் சில மாதங்களில் தானாகவே ஏறிவிடும், அதனால்தான் பொதுவாக 6 மாதம் வரை இமையில் கத்தி வைக்க மாட்டார்கள். பழைய போட்டோக்களையும் எடுத்துப் பாருங்கள், முன்பே கொஞ்சம் இறங்கியிருந்திருக்கலாம் (யாரும் கவனித்திருக்க மாட்டோம்).

ஆனால் வலி, பார்வை மங்கல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, இரண்டு கண்ணின் பாப்பாவும் வெவ்வேறு அளவில் இருப்பது, இதில் எது இருந்தாலும் இன்றைக்கே காட்டுங்கள். சாயங்காலமானால் இன்னும் இறங்குகிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் சரியாகப் பதில் சொல்லவில்லையா, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.