தூக்குத் தண்டனையும் கருக்கலைப்பும்: டர்பன் வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): எங்கள் தெருக் கடைக்காரரைச் சில நூறு ராண்டுக்காகச் சுட்டுக் கொன்றார்கள். கொடியவரை அரசன் ஒறுப்பது களையெடுப்பதற்கு ஒப்பு என்று வள்ளுவரே கூறியிருக்க, தூக்கை ஒழித்தது கொலைகாரனின் பொறுப்பைக் குறைத்ததாகாதா?

பதில்: தங்கள் கோபம் நியாயமானது. ஆயினும் 1995 ஜூன் 6 அன்று, மக்வான்யானே வழக்கில், தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் கொலைக்கான மரண தண்டனையை ஒருமித்து நீக்கியபோது, குற்றவாளியின் பொறுப்பை அவர்கள் மறுக்கவில்லை. அவனைக் கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா என்பதையே ஆராய்ந்தனர். யார் தூக்குமேடை ஏறுவார் என்பதில் வறுமையும் நிறமும் வாதாட அமர்த்தப்பட்ட வழக்கறிஞரின் திறமையும் புகுந்துவிடுவதை நீதிமன்றத் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். களையென்று பறித்தது பயிராக இருந்துவிட்டால் மீண்டும் நட வழியில்லை. பிடிபடுவோம், தண்டிக்கப்படுவோம் என்ற அச்சமே குற்றத்தைத் தடுக்கும் பெரிய அரண் என்றும் அவர் எழுதினார். தங்கள் தெருவுக்கு இன்று வேண்டியது அதுதான் என்பேன்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், செவிலியர்): கருக்கலைப்புக்கு என் மனம் ஒப்பவில்லை. நான் மறுக்கலாமா?

பதில்: அவசரச் சிகிச்சை தேவைப்படாத நிலையில், தாங்கள் அதைச் செய்யாமல் விலகி நிற்க மனச்சான்றுரிமை இடமளிக்கிறது. ஆனால் சட்டப்படி வரும் பெண்ணைத் தடுப்பதும், சிகிச்சை நிலையத்துக்குள் செல்லவிடாமல் மறிப்பதும் 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): தூக்கை எதிர்க்கும் தாங்கள் கருக்கலைப்பை ஏற்பது முரண் அல்லவா?

பதில்: தூக்கில், ஏற்கெனவே சிறையில் அடைபட்டவனை அரசே கொல்கிறது, ஆயுள் சிறை என்ற மாற்றுவழி அதன் கையில் இருக்கிறது. கருவையோ அந்தப் பெண்ணின் உடலைத் தவிர வேறெவரும் சுமக்க முடியாது, ஆகவே அவளை அரசு வற்புறுத்தலாமா என்பதே அங்கு கேள்வி. கருவுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை: 12 வாரம் வரை பெண்ணின் விருப்பம் போதும், 13 முதல் 20 வாரம் வரை உடல்நலம், மனநலம், வன்புணர்வு, வாழ்க்கை நெருக்கடி போன்ற காரணங்கள் வேண்டும், அதற்குமேல் தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற மிகக் கடுமையான நிலைகளில் மட்டுமே இயலும். கரு வளர வளர நம் கடமையும் கூடுகிறது என்ற எண்ணம் இதில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். பொறுப்பு பற்றிப் பேசுவோர் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றி, கருவுக்குக் காரணமான ஆணை வாசலிலேயே விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது.

கேள்வி (டோங்காட்): பதினாறு வயது மகளின் கருக்கலைப்புக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெற்றோரையோ நெருங்கியவரையோ கலந்துகொள்ளும்படி மருத்துவமனை அவளுக்கு அறிவுரை கூற வேண்டும். அவள் அந்த அறிவுரையை ஏற்காவிட்டாலும் சிகிச்சையை மறுக்க முடியாது.