வளவளப்பும் தொணதொணப்பும் ஒன்றா?

கேள்வி: மொரீசியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அதிகம் பேசுகிறவரை இங்கே வீட்டிலும் தெருவிலும் பேசும் கிரியோல் மொழியில் 'பவார்' என்றே சொல்லிப் பழகிய பிள்ளைகள், தமிழில் எல்லாரையும் 'வாயாடி' என்று எழுதுகிறார்கள். சரியா? – வாசகி, ரோஸ் ஹில்

பதில்: பாட்டியை அப்படி எழுதினால் தவறு. வாயாடியிடம் பேச்சின் அளவைவிடத் துடுக்கே முதலில் தெரியும். சொல்லுக்குச் சொல் எதிர்ப்பேச்சு வரும். சிறுமியைச் செல்லமாக அழைக்கலாம், மூத்தவரைச் சொன்னால் அவமதிப்பு. பாட்டி ஒரு சேதியை இழுத்து இழுத்துச் சொன்னால் அது வளவளப்பு. 'மருந்து சாப்பிட்டாயா' என்று பத்து முறை கேட்டால் தொணதொணப்பு; அங்கே நீளம் குறைவுதான், விடாமல் திரும்பத் திரும்ப வருவதுதான் எரிச்சல். அரட்டைக்கு இன்னொருவர் வேண்டும், அதில் குற்றமும் இல்லை. அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வம்பு. நீங்கள் கிரியோலில் 'பலாப்' என்பது இதைத்தான். ஓட்டைவாய் குறைவாகவும் பேசலாம், ரகசியம்தான் தங்காது. காய்ச்சலிலோ பயத்திலோ பொருளில்லாமல் வருவது உளறல்.

எழுதும்போது பிள்ளைகள் தடுக்கி விழுவது இரட்டைக்கிளவியில். 'வள என்று பேசினார்' என்று பாதியாக்கக் கூடாது, பிரித்தால் பொருள் தராது. 'வளவள'வோடு 'என்று' சேரும்போது இடையில் வகரம் வரும்: வளவளவென்று. தொணதொணவென்று, சளசளவென்று எல்லாம் அப்படியே. விதியைச் சொல்வதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்; இவை காதுக்காகப் பிறந்த சொற்கள்.

கேள்வி: காவடி ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தால் முடிப்பதில்லை. மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது? – வாசகர், போர்ட் லூயி

பதில்: 'சுருக்கமாகப் பேசுங்கள்' என்பது பலிக்காது; எதைக் குறைப்பது என்று அவருக்குத் தெரியாது. எந்த வகை நீளம் என்று முதலில் கவனியுங்கள். நன்னூல் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' என்று இவற்றைத் தனித்தனியாகவே வைக்கிறது. நூலுக்குச் சொன்னது கூட்டத்துக்கும் பொருந்தும். சொன்னதையே சொல்கிறவருக்குப் பெரும்பாலும் தம் பேச்சு காதில் விழுந்ததா என்ற சந்தேகம். அவர் எதிரிலேயே எழுதி, 'ஐயா, அன்னதானத்துக்குக் கூடுதலாக இரண்டு அண்டா, குறித்துவிட்டேன்' என்று வாசித்துக் காட்டுங்கள். வேறொன்றுக்குத் தாவுகிறவரிடம் இது எடுபடாது. பழைய திருவிழாவுக்குப் போய்விட்டாரா? அவர் மூச்சு வாங்கும் இடத்தில், 'அண்டாவை யாரிடம் வாங்கலாம், ஐயா?' என்று, ஒரே சொல்லில் பதில் வரும்படி கேளுங்கள்.