காற்றழுத்தம் இறங்கினால் மீன் கொத்துமா? தூண்டில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வானிலை பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் காற்றழுத்தம் பற்றியவை. தப்பான கணக்குகள் அதிகம் உலவுவதும் அங்கேதான் என்பதால் அதில் கூடுதலாகவே நிற்கப் போகிறேன்.

கேள்வி: அண்ணா, காற்றழுத்தம் 1013-க்குக் கீழே இறங்கினால் மீன் நன்றாகக் கொத்தும், மேலே போனால் வாயே திறக்காது என்கிறார்கள். அப்படி ஓர் எல்லைக்கோடு உண்டா?

கிடையாது. 1013 மில்லிபார் என்பது கடல்மட்டத்தின் சராசரி அளவு, அவ்வளவுதான். 1005-இலும் மீன் கிடைக்கும், 1022-இலும் கிடைக்கும். அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக என்று பாருங்கள். தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வது இது: மழையோ புயலோ வருவதற்கு முன், அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும் சில மணி நேரம் நல்ல நேரம். அது கடந்து வானம் வெளுத்து, அழுத்தம் மளமளவென்று ஏறிய மறுநாள் மந்தம். என் அனுபவமும் அதுவே. ஆனால் அதற்குக் காரணம் அழுத்தம்தானா? அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: அழுத்தம் மாறும்போது மீனின் காற்றுப்பை (அது நீரில் மிதக்க உதவும், உடலுக்குள் இருக்கும் வாயுப் பை) விரிந்து வயிற்றை நெருக்குமாம், அதனால் இரை எடுக்காதாம். சரியா சார்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் 20 மில்லிபார் இறங்கினால் அது பெரிய இறக்கம். தண்ணீருக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிபார் கூடும். அப்படியானால் அந்த 20 மில்லிபார் என்பது மீனுக்கு ஒரு சாண் உயரம் மேலே வருவதற்குச் சமம். மேலே விழுந்த பூச்சியைப் பிடிக்க வரும் கெண்டை ஒரு நொடியில் அதைப்போல் பல மடங்கு மாற்றத்தைத் தாண்டி வந்துவிடுகிறது. அந்த அளவுக்கு வயிறு நெருக்கினால் எந்த மீனும் மேலே வந்து இரை எடுக்கவே முடியாது.

காற்றுப்பை விரிவது பொய்யில்லை. 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மீனைச் சட்டென்று மேலே இழுத்தால் பையிலுள்ள வாயு இரட்டிப்பாகிவிடும். சில மீன்களுக்கு இரைப்பை வாய்வழியே பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கெண்டை, கெளுத்தி போன்றவற்றுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைப் பக்கம் குழாய் இருப்பதால் வாயுவை வெளியே விட்டுவிடும். கொடுவா போன்ற மீன்களுக்கு அந்த வழி இல்லை, வாயு ரத்தத்தில் கலந்து மெல்லத்தான் குறைய வேண்டும். ஆனால் இதெல்லாம் மீட்டர் கணக்கில் ஆழம் மாறும்போது நடப்பது. வானிலையின் சாண் கணக்குக்குப் பொருந்தாது.

கேள்வி: அப்போ மீனுக்கு அழுத்தம் மாறுவது தெரியவே தெரியாதா?

தெரியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2001 செப்டம்பரில் கேப்ரியல் புயல் அமெரிக்காவின் புளோரிடாவை நெருங்கியபோது, டெரா சியா விரிகுடாவில் கருவி பொருத்தி ஆராய்ச்சியாளர்கள் கண்காணித்துவந்த கரும்புள்ளிச் சுறாக் குட்டிகள், அழுத்தம் இறங்கியதும் ஆழமான நீரை நோக்கிக் கிளம்பிப் போய்விட்டன. புயல் ஓய்ந்த பிறகு திரும்பி வந்தன. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஐரோப்பாவில் ஒருவகை அயிரை மீன் இடிமழைக்கு முன் நிலைகொள்ளாமல் அலையும் என்பதால் அதற்கு வானிலை மீன் என்றே பெயர்.

ஆக, உணர்வது உண்மை. ஆனால் புயலுக்கு முன் இடம் பெயர்வதும், ஒரு சாதாரண நாளில் இரை எடுப்பதும் எடுக்காததும் வேறு வேறு.

கேள்வி: அழுத்தம் இல்லையென்றால் வேறு எதுதான் வேலை செய்கிறது?

அழுத்தம் இறங்கும்போது கூடவே வருகிறவை. மேகம் மூடுகிறது, வெளிச்சம் குறைகிறது. இரைதேடி வேட்டையாடும் மீனுக்கு மங்கலான வெளிச்சம் சாதகம். சின்ன மீன்களின் கண்ணில் படாமல் நெருங்கலாம், கரையோரம் வரைக்கும் துணிந்து வரும். காற்று எழும்பி நீர்ப்பரப்பு கலங்கும்போது கரையில் நிற்கும் உங்கள் நிழலும் தூண்டில் நரம்பும்கூட அதற்குத் தெளிவாகத் தெரியாது.

காற்று இன்னொரு பெரிய வேலையும் செய்கிறது. மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரையும் அதிலுள்ள மிதவை உயிர்களையும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே குஞ்சு மீன் கூடும், அதன் பின்னாலேயே பெரியது வரும். அதனால் காற்று போய் மோதுகிற கரையில் நில்லுங்கள். முகத்தில் காற்று அடிக்கும், தூண்டில் வீசக் கஷ்டமாக இருக்கும், பெரும்பாலானோர் அதனாலேயே எதிர்க்கரைக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள்.

அப்புறம் ஆக்சிஜன். 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். காற்றே இல்லாத கோடைப் புழுக்கத்தில், இரவெல்லாம் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் எந்த இரையைக் காட்டியும் பயனில்லை. ஓர் அலைக்காற்று அடித்தால் நிலைமை மாறும்.

கேள்வி: எங்கள் நீர்த்தேக்கம் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொபைல் 921 காட்டுகிறது, வானிலைத் தளம் 1012 என்கிறது. எதை நம்ப?

இரண்டும் சரி. மொபைலின் உணரி அந்த இடத்து அழுத்தத்தைச் சொல்கிறது. தளம் அதைக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்கிறது. ஏதாவது ஒன்றை மட்டும் தொடர்ந்து பாருங்கள், கலக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, தினமும் மதியத்துக்கு மேல் 3 மில்லிபார் இறங்குகிறது. மழையும் வருவதில்லை, மீனும் வருவதில்லை. ஏன்?

நல்ல கவனிப்பு. வெயில் சூடாக்குவதால் வளிமண்டலத்துக்கே தினசரி ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. காலை 10, இரவு 10 மணியை ஒட்டி உச்சம். காலை 4, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. வெப்பமண்டலப் பகுதிகளில் இதுவே 2 முதல் 4 மில்லிபார் வரும். இதை வானிலை மாற்றம் என்று எண்ணித் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுங்கள். அதில் இறக்கம் இருந்தால்தான் செய்தி.

கேள்வி: மழைக்கு முன்னா, பின்னா?

முன். பெய்யும்போது தூறல் என்றால் அதுவும் நல்லதே. பெருமழை கொட்டி நீர் செம்மண் நிறமானால் கண்ணால் வேட்டையாடும் மீன் திணறும்; மோப்பத்தாலும் மீசையாலும் தேடும் கெளுத்திக்கு அது கொண்டாட்டம். வாய்க்கால் வந்து சேரும் இடத்தில், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் ஓரமாக மண்புழுவைப் போடுங்கள்.

கேள்வி: புயல் வருமுன் நல்ல கொத்து என்றால் கடைசி நிமிடம் வரை நிற்கலாமா?

கூடவே கூடாது. கார்பன் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும்; திறந்த கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பது மின்னலுக்கு அழைப்பு. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பாதீர்கள். பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 19ஆம் நூற்றாண்டில் மீன்பிடித் துறைமுகங்களுக்குப் பாரோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) வைக்க ஏற்பாடு செய்தது மீன் எப்போது கொத்தும் என்று சொல்ல அல்ல, படகுகள் உயிரோடு கரை சேர.

கேள்வி: குளிர்காலத்திலும் இதே கணக்கா?

அப்போது தண்ணீரின் வெப்பத்துக்கே முதலிடம். உயர் அழுத்தத்தில் மேகமற்ற இரவு நீரின் சூட்டை இழுத்துவிடும். மீன் ஆழத்தில் அசையாமல் கிடக்கும், கொஞ்சமாகத்தான் தின்னும். இரையைச் சிறிதாக்கி, மெதுவாக இழுத்து, அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோக வேண்டும். மேகமூட்டமாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் நீர் அவ்வளவாகக் குளிராது, அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு போக வேண்டாம், பிற்பகலே போதும்.