பூட்டுப் போட்டு விற்ற பாட்டு: வேலூர் இசைப்பிரியர்களுக்குப் பதில்கள்

காட்பாடி, கல்லூரி மாணவர்: இணையத்தில் விற்ற பாட்டுக்குப் பூட்டு இருந்ததாமே, அது எப்படி சார்?

பாட்டுக் கோப்பைக் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி மாற்றி விற்பார்கள் தம்பி. திறக்கும் சாவி வாங்கியவருடைய கணக்கோடு சேர்ந்திருக்கும். ஆப்பிள் 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது வந்த 'ஃபேர்ப்ளே' அந்த வகைதான். பையில் வைத்துக் கேட்க ஆப்பிளின் ஐபாட் பிளேயர் வேண்டியிருந்தது. வேறு கம்பெனி பிளேயரில் ஓடவில்லை.

குடியாத்தம், செல்போன் கடைக்காரர்: பூட்டு இல்லையென்றால் ஒருத்தர் வாங்கி ஊருக்கே ஏற்றிவிடுவாரே அண்ணே?

நியாயமான பயம்தான். ஆனால் அதே பாட்டு சிடியில் பூட்டே இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட கடிதத்தில் கணக்கே போட்டார்: 2006-ல் இணையத்தில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, சிடியில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர் சிடியிலிருந்து எடுத்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய ஆள்தான் சிக்கிக்கொண்டார். சிடியையும் பூட்டிப் பார்த்தார்கள். 2005-ல் சோனி பிஎம்ஜி என்ற இசைக் கம்பெனி விற்ற சில சிடிகள், கணினியில் போட்டபோது மறைவாக ஒரு மென்பொருளை நிறுவின. வைரஸ் எழுதுகிறவர்கள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழி பிறந்தது. கண்டனம் கிளம்பி, அந்தச் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். 2007-ல் இஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனி இணையத்தில் விற்ற பாட்டுகளுக்குப் பூட்டைக் கைவிட்டது. 2009 ஜனவரியில் மற்றப் பெரிய கம்பெனிகளும் ஐடியூன்ஸில் அதற்கு ஒப்புக்கொண்டன.

ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியை: கடையையே மூடிவிட்டால் வாங்கிய பாட்டு என்ன ஆகும்?

நடந்திருக்கிறது அம்மா. 2008-ல் யாஹூ தன் பாட்டுக் கடையை மூடியபோது, சாவி தரும் சர்வரையும் நிறுத்துவதாக அறிவித்தது. புதுக் கணினி வாங்கினால் பழைய பாட்டு திறக்காது. எதிர்ப்புக்குப் பிறகுதான் ஈடு தர முன்வந்தார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நாம் கேசட் வாங்கிய கடைகள் பல மூடிவிட்டன. கேசட் இன்றும் வீட்டில் ஓடுகிறது. விற்ற பொருளின் சாவியைக் கடைக்காரரே வைத்துக்கொள்வது விற்பனையே அல்ல.

ராணிப்பேட்டை: பழைய பூட்டை உடைத்தால் ஜெயிலா?

2012-ல் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவைப் பாருங்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதை அது குற்றமாக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தைவிட இது நியாயமானது.

சத்துவாச்சாரி: சந்தா முடிந்ததும் டவுன்லோடு செய்த பாட்டெல்லாம் ஓடவில்லை.

அது வாடகை. பூட்டு அங்கே இன்னும் இருக்கிறது. காலத்துக்கும் வேண்டிய பாட்டைத் தனியாக விலைக்கு வாங்கி, ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள்.

ஆம்பூர், மேடைப் பாடகர்: சொந்தமாகப் பாடியதை விற்கப் போகிறேன். பூட்டுப் போடட்டுமா?

வேண்டாம் தம்பி. எம்பி3-யாகவே கொடுங்கள், விலையைக் குறைவாக வையுங்கள். பாடியவர், எழுதியவர், வாசித்தவர் பெயர்களைக் கோப்பிலேயே பதியுங்கள். இசையமைத்தவரோடும் எழுதியவரோடும் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.