சுவரைத் தொடும் முன் எந்தச் சட்டத்தைப் படிப்பது?

கேள்வி: எங்கள் வீடு பாம்பன் தெற்குவாடியில், கடலில் இருந்து நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. 1987-இல் அப்பா கட்டியது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து மேல்தளம் பெயர்ந்து விழுகிறது. "சிஆர்இசட் (கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்) பகுதியில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது, கேரளாவில் மரடு அடுக்குமாடியையே இடித்துவிட்டார்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். "புதுச் சட்டத்தில் 50 மீட்டர் விட்டால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் பி.காம். படித்தவள். சட்டத்தை நானே தேடிப் படிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் இணையத்தில் தேடுவதற்கு முன், வீட்டில் பத்திரங்கள் இருக்கும் பெட்டியைத் திறங்கள். பட்டா, பழைய வீட்டு வரி ரசீதுகள், முதல் மின் இணைப்புச் சீட்டு, பஞ்சாயத்து அனுமதி ஏதாவது இருந்தால் அது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் வந்தது 1991 பிப்ரவரி 19-இல். உங்கள் வீடு அதற்கு நான்கு வருடம் மூத்தது. அதைக் காகிதத்தில் காட்ட முடிகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே.

அப்புறம், கேள்வியைக் குறுக்குங்கள். "கடற்கரையில் வீடு கட்டலாமா" என்று தேடினால் ஆயிரம் பதில் வந்து குழப்பும். "1991-க்கு முன் கட்டிய, பட்டா உள்ள வீட்டை அதே அளவில் பழுது பார்க்கலாமா" என்று எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். என்னிடம் சேரும் ஜூனியர்களுக்கும் முதல் வாரம் இந்தப் பயிற்சியைத்தான் கொடுக்கிறேன்.

இனி மூலம். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. சிஆர்இசட் என்பது அந்தச் சட்டத்தின் அதிகாரத்தில் மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட அறிவிக்கை. 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்திருக்கிறது. சட்டம் 'இந்தியா கோட்' என்ற அரசு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அறிவிக்கைகளைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தளத்திலோ மின்னணு அரசிதழிலோ எடுக்கலாம். யாரோ எழுதிய சுருக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

2011 அறிவிக்கையில் ஊரகக் கடற்கரைக்கு, அதாவது மூன்றாம் மண்டலத்துக்கு உரிய பகுதியைப் பாருங்கள். உயர் அலைக்கோட்டில் இருந்து, அதாவது கடல்நீர் ஏறி வரும் உச்ச எல்லையில் இருந்து, 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்கிறது. அந்த வரியிலேயே விலக்கும் இருக்கிறது: ஏற்கெனவே உள்ள, அனுமதி பெற்ற கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், திரும்பவும் கட்டலாம்; தரைப்பரப்பும் தளப்பரப்புக் குறியீடும் (மனை அளவுக்கு மொத்தத் தளப்பரப்பு எவ்வளவு என்ற விகிதம்) அடர்த்தியும் கூடக் கூடாது. எனவே "ஒரு செங்கல்கூட" என்பது அந்த வாசகத்தில் இல்லை. ஆனால் 'அனுமதி பெற்ற' என்ற சொல்லின் கீழே கோடு போடுங்கள். உங்கள் வழக்கே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் குடியிருப்புகளுக்குத் தனி விலக்கு கொடுத்திருக்கிறார்கள், நூறுக்குள் இருக்கும் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. தூரத்தையும் இன்று அலை அடிக்கும் இடத்தில் இருந்து அளக்கக் கூடாது. அரசின் கடலோர மண்டல வரைபடத்தில் குறித்துள்ள உயர் அலைக்கோட்டில் இருந்துதான் அளக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த 50 மீட்டர் முழுப் பொய் இல்லை, பாதி வாக்கியம். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிக்கு 2019 அறிவிக்கை 50 மீட்டர் என்கிறது. கூடவே, அந்த அறிவிக்கைப்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் (எந்த இடம் எந்த மண்டலம் என்று வரைபடத்தோடு காட்டுவது) ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 200 மீட்டரே தொடரும் என்றும் சொல்கிறது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டுச் செய்தி பரப்புவதால் எத்தனை ஏழைகள் கடன் வாங்கி அஸ்திவாரம் போட்டுவிட்டு நோட்டீசோடு நிற்கப் போகிறார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொன்று: அறிவிக்கையில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர்களையும் தேடிப் பாருங்கள். தெற்குவாடிக்கு முன்னால் இருப்பது மன்னார் வளைகுடா. எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் கடலோரப் பகுதிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. மூன்றாம் மண்டலம் என்று நாமே முடிவு செய்துவிடாமல் வரைபடத்தைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

சரி, மரடு. தீர்ப்பை எடுத்தால் முடிவை முதலில் படிக்காதீர்கள், நடந்த சம்பவங்களைப் படியுங்கள். 2019 மே 8-இல் வந்த அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2006-இல் உள்ளூர்ப் பஞ்சாயத்து கொடுத்த அனுமதியை மட்டும் வைத்து, கடலோர மண்டல ஆணையத்தின் இசைவு இல்லாமல் எழுப்பிய புதிய அடுக்குமாடிகளைப் பற்றியது. 1987-இல் உங்கள் அப்பா கட்டியது போன்ற ஒற்றை வீட்டின் பழுதுபார்ப்பு அங்கே கேள்வியாகவே வரவில்லை. அரசியலமைப்பின் 141-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும், உண்மைதான். என்றாலும் எந்தச் சூழலில் அது வகுக்கப்பட்டது என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 'இந்தியன் கானூன்', உச்ச நீதிமன்றத்தின் 'இ-எஸ்சிஆர்' இரண்டிலும் தீர்ப்புகள் இலவசம். நம் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் கீழ் வருவதால், அங்கே வந்த தீர்ப்புகளையும் தேடுங்கள்.

கிடைத்த தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து, அந்த அறிவிக்கையின் தடை கடலோரப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது: மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போடுங்கள். உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது, இன்று நடைமுறையில் உள்ள திட்டம் எந்த ஆண்டு அறிவிக்கைப்படியானது என்று கேட்டு வரைபட நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அது வந்ததும் ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அதுவரை மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்து, அந்த அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பூர்வமான அனுமதி வரும் முன் பழைய சுவரை இடித்துவிடாதீர்கள். இடித்துவிட்டால் பழைய அளவு இதுதான் என்று காட்ட எதுவும் மிஞ்சாது. நாளைக்கே டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துவிடுங்கள்.