தொழிற்சங்க அங்கீகாரமும் மாநிலச் சலுகைகளும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் சில, தொழில் நிறுவனங்களுக்கு அளிக்கும் ஊக்கச் சலுகைகளைத் தொழிற்சங்க அங்கீகாரத்தோடு இணைத்துச் சட்டம் இயற்றியுள்ளன. அவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: இச்சட்டங்கள் எதைத் தடுக்கின்றன?

பதில்: டென்னசி 2023இலும், ஜார்ஜியாவும் அலபாமாவும் 2024இலும் இவற்றை இயற்றின. சங்கம் தங்கள் சார்பில் பேசலாம் என்று ஒப்புதல் தரும் அட்டையில் தொழிலாளரில் பெரும்பாலோர் கையொப்பமிட்டிருப்பதை ஏற்று நிர்வாகம் தானாகவே சங்கத்தை அங்கீகரிப்பதைக் 'கார்டு செக்' என்பார்கள். இரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் இவ்வாறு அங்கீகரிக்கும் நிறுவனம் மாநிலத்தின் சலுகைக்குரிய தகுதியை இழக்கும். வாக்கெடுப்பில் வென்ற சங்கத்தை அங்கீகரிக்கத் தடையில்லை.

கேள்வி: அப்படியானால் சங்கம் அமைப்பதையே தடை செய்திருக்கலாமே?

பதில்: முடியாது. சங்கம் அமைக்கும் உரிமை 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுகள் சட்டம் என்ற மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. அதை மாநிலங்கள் பறிக்க இயலாது. அதனால்தான் அவை தம் கருவூலப் பணமான சலுகைகளின் வழியே வருகின்றன.

கேள்வி: இரகசிய வாக்கெடுப்புதானே நேர்மையான வழி? இதில் தொழிலாளருக்கு என்ன இழப்பு?

பதில்: சக தொழிலாளியின் முன்னிலையில் அட்டையை நீட்டும்போது மறுக்கத் தயங்குவோர் உண்டு, அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால், வாக்கெடுப்புக்கு விண்ணப்பித்த நாளுக்கும் வாக்களிக்கும் நாளுக்கும் இடையே பல வாரங்கள் கிடக்கின்றன. சங்கத்தை எதிர்க்கும் பிரச்சாரம் முழு வேகத்தில் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

டென்னசியின் சாட்டனூகாவில் உள்ள ஃபோக்ஸ்வாகன் ஆலையைப் பாருங்கள். 2014இல் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கான வாக்கெடுப்பு அங்கே வந்தபோது நிர்வாகம் சங்கத்தை எதிர்க்கவில்லை. எதிர்த்தவர்கள் மாநில அரசியல் தலைவர்கள். வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில், சங்கம் வென்றால் ஆலை விரிவாக்கத்திற்கான சலுகைகள் சட்டமன்றத்தில் நிறைவேறுவது கடினம் என்று மாநில செனட்டர்கள் வெளிப்படையாகவே எச்சரித்தனர். ஏறத்தாழ 30 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைத் திட்டம் ஒன்று, ஆலையில் தொழிலாளர் மன்றம் (நிர்வாகத்தோடு கலந்து பேசும் தொழிலாளர் குழு) அமைப்பது பற்றிய பேச்சு மாநில அரசுக்குத் திருப்தி தரும் வகையில் முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு முன்வைக்கப்பட்டிருந்தது பின்னர் வெளியான ஆவணத்தில் தெரியவந்தது. வாக்குகள் 626க்கு 712 என்று சங்கத்திற்கு எதிராக முடிந்தன. 2019இலும் 776க்கு 833 என்ற கணக்கில் சங்கம் தோற்றது. 2024 ஏப்ரலில்தான் 2,628 வாக்குகள் ஆதரவாகவும் 985 எதிராகவும் விழுந்து, சங்கம் வென்றது. வாக்குச்சீட்டு மூன்று முறையும் இரகசியமாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே தன் ஊரின் வேலைவாய்ப்பு போய்விடுமோ என்று அஞ்ச வைக்கப்பட்ட தொழிலாளியை அந்த இரகசியம் எப்படிக் காக்கும்? அன்று எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது இன்று சட்டமாகியிருக்கிறது என்றே இதைப் பார்க்கிறேன்.

கேள்வி: தன் பணத்திற்கு நிபந்தனை விதிக்க மாநிலத்திற்கு உரிமை இல்லையா?

பதில்: ஓர் எல்லை வரை உண்டு. 1986இல், தொழிலாளர் சட்டத்தைத் திரும்பத் திரும்ப மீறிய நிறுவனங்களிடம் பொருள் வாங்குவதில்லை என்ற விஸ்கான்சின் மாநில விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மாநிலம் அங்கே வாங்குபவராக அல்ல, மத்தியச் சட்டத்திற்குரிய துறையில் ஒழுங்குபடுத்துபவராகவே நடந்துகொண்டது என்பது காரணம். 1993இல் பாஸ்டன் துறைமுகத் தூய்மைத் திட்டத்தில், அரசு ஒரு கட்டுமான உரிமையாளரைப்போல் நடந்துகொண்டதால் அதன் நிபந்தனை ஏற்கப்பட்டது. 2008இல், மாநிலப் பணத்தைச் சங்கத்திற்கு ஆதரவாகவோ எதிராகவோ செலவிடக் கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டத்தின் விதிகளும் வீழ்ந்தன. விஸ்கான்சினும் கலிஃபோர்னியாவும் தொழிலாளர் பக்கம் சாய்ந்த விதிகளை இயற்றித் தோற்றன. அதே அளவுகோலை இன்று தென் மாநிலங்களுக்கும் வைத்தால், நிர்வாகம் மனமுவந்து அங்கீகரிக்க மத்தியச் சட்டம் விட்டிருக்கும் வழியைப் பணத்தால் அடைக்கும் இந்த விதிகள் நிலைப்பது கடினம் என்பது என் கருத்து.

கேள்வி: டென்னசியில் இனிக் கார்டு செக் நடக்கவே நடக்காதா?

பதில்: நடந்திருக்கிறது. ஸ்பிரிங் ஹில்லில் உள்ள அல்டியம் செல்ஸ் மின்கல ஆலையில் 2024 செப்டம்பரில் அட்டைகளின் அடிப்படையிலேயே சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஆலை சட்டத்திற்கு முன்பே அங்கு வந்துவிட்ட ஒன்று. புதிதாகச் சலுகை ஒப்பந்தம் செய்யும் ஆலைகளின் நிலை வேறு.

கேள்வி: நான் ஜார்ஜியாவில் ஓர் ஆலையில் வேலை செய்கிறேன். அட்டையில் கையொப்பமிட்டால் எனக்குத் தண்டனை உண்டா?

பதில்: இல்லை. இச்சட்டம் நிர்வாகத்தைத்தான் கட்டுகிறது, உங்களை அல்ல. கையொப்பமிடுவது மத்தியச் சட்டம் பாதுகாக்கும் உரிமை. உங்கள் அட்டை வீணாவதும் இல்லை: தொழிலாளரில் 30 சதவீதத்தினர் கையொப்பமிட்டால் மத்திய அரசின் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்திடம் வாக்கெடுப்பு கேட்கலாம். கையொப்பமிட்டதற்காக உங்களை வேலையை விட்டு நீக்கினாலோ மிரட்டினாலோ, நடந்த நாளிலிருந்து 6 மாதத்திற்குள் வாரியத்தில் புகார் அளித்துவிடுங்கள். அந்தக் கெடு தாண்டினால் புகார் பொதுவாக ஏற்கப்படாது.